கேட்க ஆளில்லாத ஏலம்

எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுநாள் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். சாமிக்கு வந்த தேங்காய், வாழைத்தார், நேர்ந்துவிட்ட சேவல், சில வருடங்களில் ஆட்டுக்கிடாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கூறுவார்கள். ஊரே கூடி நின்று சிரித்துக்கொண்டு கேட்கும். இருபது ரூபாய்த் தேங்காயை இருநூறுக்கு எடுத்தவரை எல்லோரும் முதுகில் தட்டுவார்கள். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மட்டும் ஏலம் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார். மைக்கில் "ஒரு தரம்" என்ற குரல் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சிறுவயதில் ஒரு முறை ஏன் என்று கேட்டேன். "எங்கள் வீட்டு மாட்டை அப்படித்தான் கூறினார்கள் கண்ணு" என்றார். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பல வருடங்களில், துண்டு துண்டாகத்தான் அந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம், வானத்தை நம்பிக் கொஞ்சம் காடு. அது 1930-களின் தொடக்கம். உலகமெங்கும் விலைவாசி சரிந்த காலம். நெல்லும் கடலையும் பருத்தியும் பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. சர்க்காருக்குக் கட்டவேண்டிய கிஸ்தியோ அப்படி விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. ஒரு வருடத்துக் கிஸ்தியைக் கட்டுவதற்கு முன்பு விற்ற மூட்டைகளைப் போல் இரண்டு மடங்கு விற்க வேண்டும். அவ்வளவு மூட்டை யார் வீட்டில் இருந்தது? அமுச்சியின் அப்பாவுக்கு இரண்டு வருடப் பாக்கி நின்றுபோனது.

அப்போது அமுச்சிக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஒரு நாள் காலையில் மணியக்காரர், தலையாரி, தாலுகா கச்சேரியிலிருந்து வந்த ஒரு சேவகன் ஆகிய மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். அமுச்சியின் அம்மா பின்வாசல் வழியாக ஓடிவந்து, வீட்டில் பெறுமானமுள்ள ஒரே பொருளான பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் படுத்திருந்த அறைக்குள் வைத்தார். பச்சைக் குழந்தை, அதன் பக்கத்தில் தாய், அவள் தலைமாட்டில் அண்டா. தலையாரி அந்த அறை வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போனார். அண்டா பிழைத்தது. அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் கொட்டகையில் கட்டியிருந்த எருமையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கொம்பில்லாத எருமை. மோழை என்றே அதற்குப் பெயர்.

தலையாரி ஏன் அந்த அறைக்குள் நுழையவில்லை என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் புரிந்தது. அவருடைய நல்ல மனசு என்றுதான் அமுச்சி கடைசிவரை நம்பினார். இருக்கலாம். ஆனால் 1864-ஆம் ஆண்டு சென்னை வருவாய் வசூல் சட்டத்தில் அந்தக் காட்சி அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. ஜப்தி செய்ய வருகிறவர் மாட்டுக்கொட்டகை, களஞ்சியம், கிடங்கு ஆகியவற்றின் கதவை உடைக்கலாம். குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவு திறந்திருந்தால் உள்ளே நுழையலாம், உள்ளறைக் கதவையும் உடைக்கலாம். பெண்கள் தங்கும் அறைக்குள் மட்டும் அவராக நுழையக் கூடாது. போலீஸ் அதிகாரி முன்னிலையில், பெண்கள் வெளியேற அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் நுழையலாம். எழுத்து வாசனையே இல்லாத ஒரு பெண், சட்டத்தில் இருந்த அந்த ஒரே ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள் ஓர் அண்டாவை நுழைத்திருக்கிறார். மாட்டுக்கொட்டகைக்கு அப்படி ஓட்டை எதுவும் இல்லை.

ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. லெய்லாவோ என்று அவர்கள் சொன்னது நம் வாயில் ஏலமாகிவிட்டது. ஜப்தியும் கிஸ்தியும் அரபியிலும் பாரசீகத்திலும் புழங்கி, முகலாய, நவாப் கச்சேரிகள் வழியாக நம்மிடம் வந்தவை. அதற்காக, கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, முன்னால் இங்கே யாரும் வரிப் பாக்கிக்கு நிலம் இழக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முழுதாக இரண்டு ஆண்டு வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்று முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை உக்கல் கல்வெட்டில் இருக்கிறது. கோயில் நிலத்தைச் சண்டேசுவரர் பெயரில் கூறி விற்றதற்குச் சண்டேசுவரப் பெருவிலை என்றே பெயர் இருந்தது. விற்பது புதிதல்ல. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த தேதிக்குள் வெள்ளி ரூபாயாக எண்ணி வைக்கவேண்டும் என்ற கட்டாயமும், வைக்காவிட்டால் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத யாரும் வந்து விலை கேட்கலாம் என்ற ஏற்பாடும்தான் புதிது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கேட்கிறவன்தான்.

தமிழில் ஏலத்தில் விலை சொல்வதைக் கேட்பது என்கிறோம். சொன்ன தொகைக்குக் கேள்வி என்று பெயர். சொல் வெளியிலிருந்து வந்தாலும் வினை நம்முடையது. ஏலம் விடுகிறவன் எவ்வளவு அதிகாரம் படைத்தவனாக இருந்தாலும், கூட்டத்தில் ஒருவன் வாய் திறந்து கேட்டால்தான் அது ஏலம். யாரும் கேட்காவிட்டால், தமுக்கும் தண்டோராவும் முழங்கியதெல்லாம் காற்றோடு போய்விடும். வெள்ளைக்காரன் நடத்திய நில ஏலங்களையும் மாட்டு ஏலங்களையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது அந்த இடத்தைத்தான். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லையென்றால், ஏன் கேட்கவில்லை?

தொடக்கத்தில் கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேரடியாகக் கணக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலை நிலைகொள்வதற்குள், 1802-இல் வங்காளத்தைப் பார்த்துச் சென்னையிலும் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்தது. பாளையக்காரர்கள் இருந்த சீமைகளில் அவர்களையே ஜமீன்தார் ஆக்கிவிட்டார்கள். சேலம், செங்கல்பட்டு போன்ற இடங்களில் ஜமீன்தாருக்கு எங்கே போவது? ஊர்களைச் சேர்த்துக் கூறுகளாகப் பிரித்து, கூடுதலாகக் கேட்டவர்களுக்கு ஏலம் விட்டார்கள். சேலத்தில் அந்தக் கூறுகளுக்கு மிட்டா என்று பெயர். செங்கல்பட்டில் ஏலம் எடுத்தவர்களில் வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த பட்டணத்து துபாஷிகளும் இருந்தார்கள். ஏர் பிடித்து அறியாதவர்கள், எந்த ஏரி எந்த மாதத்தில் வற்றும் என்று தெரியாதவர்கள். மேலே மேலே கேட்டு எடுத்தார்கள், அந்தப் பணத்தைக் குடிகளிடம் பிழிந்தார்கள், பிழிந்தும் போதாமல் சில வருடங்களிலேயே பலர் கையை விரித்தார்கள். பாக்கிக்காக மிட்டாக்கள் மறுபடி ஏலத்துக்கு வந்தன, பல சர்க்காரிடமே திரும்பின. சேலம் பக்கத்தில் இன்றும் மிட்டாதார் வீடு என்று சுட்டிக்காட்டப்படும் பழைய வீடுகள் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஊரையே கூறி விற்ற ஒரு நாள் இருக்கிறது.

1820-இல் மன்றோவே கவர்னராக வந்தார். ரயத்துவாரி நிலைபெற்றது. இனி நடுவில் யாரும் இல்லை, சர்க்காரும் குடியானவனும் நேருக்கு நேர். ஆனால் நேருக்கு நேர் நின்று பணம் வசூலித்தது மன்றோ அல்ல. தாசில்தாரும் அவருக்குக் கீழே இருந்த சேவகர்களும்தான். அவர்கள் எப்படி வசூலித்தார்கள் என்பதை 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை சொல்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று வெள்ளைக்காரர்கள் சென்னையில் உட்கார்ந்து விசாரித்து எழுதியது. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல்லை ஏற்றுவது என்று வரிசையாக வருகிறது. நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் மனிதனை அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த நாளில் என்னால் வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த அறிக்கை வந்து ஒன்பது ஆண்டுகளில் 1864-ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. உடம்பிலிருந்து கையை எடுத்துச் சொத்தின்மேல் வைத்தார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். முழுவதுமாக எடுத்துவிடவும் இல்லை. வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவனைச் சிறையில் வைக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் கிட்டியைவிட ஏலம் மேல்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தால், எழுதியவர்கள் ஒழுங்கு வேண்டும் என்று நினைத்திருப்பதும் தெரிகிறது. ஏலத் தேதிக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பாக்கியைக் கொண்டுவந்து கட்டினால் நில ஏலம் நின்றுவிடும். பாக்கிக்கு எவ்வளவு நிலம் போதுமோ, கூடியவரை அதற்குமேல் விற்கக் கூடாது. நிலத்தை எடுத்தவன் அந்த இடத்திலேயே நூற்றுக்குப் பதினைந்து கட்டவேண்டும், மிச்சத்தை முப்பது நாளுக்குள். கட்டத் தவறினால் முன்பணம் போய்விடும்.

பொழுது சாய்வதற்குள் என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை ஓட்டம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தாலியைக் கழற்றிக்கொண்டு செட்டியார் வீட்டுக்கு ஓடியவர்கள், விதைக்கு வைத்திருந்த கடலையைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தவர்கள், மூன்று காதம் தள்ளி இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றவர்கள். சட்டம் வெறுமனே சூரியனைக் குறித்துவிட்டுப் போய்விட்டது.

1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். மாடுகள் எத்தனை செத்தன என்பதை யார் எண்ணினார்கள்? சேலம், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் உழவு மாடு இல்லாமல் நிலம் தரிசாகக் கிடந்ததைப் பற்றிப் பெரியவர்கள் கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பஞ்சம் 1878-இல் முடிந்ததாகக் கணக்கு. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து தொடங்கும் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. பம்பாய் கவர்னரின் ஆலோசனை சபையில் இருந்து ஓய்வுபெற்ற அலெக்சாண்டர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை மாகாண நிலவரி பற்றி இந்தியா மந்திரி அலுவலகத்தோடு வாதாடியபோது எடுத்துவைத்த கணக்கு அது. 1879-80 முதல் 1889-90 வரை பதினோரு ஆண்டுகளில், வரிப் பாக்கிக்காக 8,40,713 பேரின் நிலம் ஏலத்துக்கு வந்தது. மொத்தம் 19,63,364 ஏக்கர். வீட்டுச் சாமானும் மாடுகன்றும் விற்ற கணக்கு இதில் சேராது.

ஏக்கரை ஆளால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஏலத்துக்கு வந்தவர்கள் மிராசுதார்களோ மிட்டாதார்களோ அல்ல. என் அமுச்சியின் அப்பாவைப் போன்றவர்கள்.

அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. அந்த 19,63,364 ஏக்கரில் 11,74,143 ஏக்கரைக் கேட்க ஆளே இல்லை. சர்க்காரே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்து ஏக்கருக்கு ஆறு ஏக்கர்! இந்த வரி நியாயமான வரிதான் என்றால், அந்த வரியோடு சேர்த்து நிலத்தை வாங்கிக்கொள்ள ஒருவனும் முன்வராதது ஏன் என்பதுதான் ரோஜர்ஸ் வைத்த வாதம். அது சரியான வாதம். ஏலத்தில் எடுக்கிறவன் நிலத்தை மட்டும் எடுப்பதில்லை, வருடா வருடம் கட்டவேண்டிய கிஸ்தியையும் சேர்த்துத்தான் எடுக்கிறான். கிஸ்தி போகக் கையில் ஒன்றும் நிற்காத நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் எவன் வாங்குவான்?

ஆனால் எனக்கு அந்தக் கேட்காத கூட்டத்தின் முகம் தெரிய வேண்டும். சாவடித் திண்ணையில் ஏலம் கூறுகிறார்கள். வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். சிலர் கையில் பணமே இல்லாதவர்கள், அடுத்த ஏலம் அவர்களுடையது. சிலர் பணமிருந்தும் நிலத்தின் கணக்குத் தெரிந்ததால் வாய் திறக்காதவர்கள். இன்னும் சிலர், பங்காளி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டவர்கள். புள்ளிவிவரத்தில் இந்த மூன்று பேரும் ஒன்றுதான். கேட்க ஆளில்லை, அவ்வளவே. அந்த மௌனத்தில் கூட்டுச் சேர்ந்த தீர்மானம் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசாமல் நின்றார்கள். அதனால் அந்த மௌனம் யாரையும் காப்பாற்றவில்லை. நிலம் சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்தது, குடியானவன் தெருவுக்கு வந்தான்.

அதே மௌனம் ஆயுதமான இடம் ஒன்று உண்டு. குஜராத்தில் சூரத் ஜில்லாவில் பர்தோலி என்ற தாலுகா. ஜனத்தொகை ஒரு லட்சத்துக்கும் கீழே. பருத்தி விளையும் கரிசல் மண். 1927-இல் பம்பாய் சர்க்கார் அந்தத் தாலுகாவின் நிலவரியை நூற்றுக்கு 22 உயர்த்தியது. முதலில் சிபாரிசு செய்யப்பட்டது சுமார் 30. குடியானவர்கள் வல்லபாய் பட்டேலைப் போய் அழைத்தார்கள். 1928 பிப்ரவரி 12-ஆம் தேதி, புது வரியை மறுபரிசீலனை செய்யும்வரை கிஸ்தி கட்டுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

சர்க்கார் செய்தது வழக்கமானதுதான். நோட்டீஸ், ஜப்தி, ஏலம். நிலம் இடத்தை விட்டு நகராது, அதை விற்க நாளாகும். எருமையை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். எனவே எருமைகளைத் தேடி வந்தார்கள். வெளியூரிலிருந்து பட்டாணியர்களைக் கூலிக்கு அழைத்துவந்து ஜப்திக்கு அனுப்பினார்கள். ஊர் என்ன செய்தது என்பதுதான் விசேஷம். ஜப்தி செய்கிறவர்கள் தலை தெரிந்ததும் தொண்டர்கள் சங்கை ஊதுவார்கள், முரசை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தெருத்தெருவாகக் கதவுகள் சாத்தப்படும். பகலெல்லாம் ஊர் பூட்டிக் கிடக்கும். மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரைக்குக் கீழே உள்ளே இருப்பார்கள். இரவில்தான் கதவு திறக்கும். தண்ணீர் எடுப்பதும் சாமான் வாங்குவதும் இரவில். இப்படி மாதக்கணக்கில். வெயிலே படாமல் எருமைகளின் கறுத்த தோல் வெளிறிப்போனது, புண் வந்தது, நோய் வந்தது. எருமை வளர்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் காலத்தில் பொழுதுக்கு ஒரு முறை அது தண்ணீரில் விழுந்து புரள வேண்டும். சித்திரை வெயிலில் இருட்டறைக்குள் ஓர் எருமையை வைத்துக்கொண்டு, அதன் சூட்டையும் சாணி நாற்றத்தையும் ஈயையும் தாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள்தான் வல்லபாயைச் சர்தார் என்று அழைக்கத் தொடங்கியவர்கள் என்று சொல்வார்கள். அழைக்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருந்தது.

அப்படியும் பிடிபட்ட எருமைகள் பர்தோலித் தாணாவில், அதாவது போலீஸ் நிலையத்தில், கட்டிக் கிடந்தன. ஒரு நாள் பக்கத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவை கத்தின. சர்தார் பேச்சை நிறுத்தி, எருமைகளும் தாணாவிலிருந்து பேசுகின்றன, பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஏலம் கூறினார்கள். தாலுகாவில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. சூரத்திலிருந்து வந்த கசாப்புக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்தார்கள். கறவையில் இருந்த எருமை கசாப்புக்குப் போனது. நிலங்களையும் அப்படித்தான், வெளியாட்கள் சிலர் பெறுமானத்தில் ஒரு சிறு பங்குக்கு எடுத்தார்கள். ஆனால் எடுத்தவனால் அந்த நிலத்தில் காலை வைக்க முடியவில்லை. உழ ஆள் வராது, நாவிதர் வரமாட்டார், கடையில் சாமான் கொடுக்கமாட்டார்கள். பட்டேல்களும் தலாட்டிகளும், அதாவது நம் ஊர் மணியக்காரர்களையும் கர்ணங்களையும் போன்றவர்கள், வரிசையாக ராஜினாமா செய்தார்கள். ஜப்திப் பட்டியலை எழுத ஊரில் கையில்லாமல் போனது.

ஆகஸ்ட் மாதம் சர்க்கார் இறங்கி வந்தது. புரூம்ஃபீல்டு, மாக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். இதே புரூம்ஃபீல்டுதான் 1922-இல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறு வருடச் சிறை விதித்த நீதிபதி. 22 அல்ல, 6.03 விழுக்காடுதான் உயர்த்தலாம் என்று அவர்கள் சொன்னார்கள். விற்ற நிலங்கள் உரியவர்களிடமே திரும்பின. கசாப்புக்குப் போன எருமைகள் எங்கிருந்து திரும்பும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பர்தோலியில் நிலம் வைத்திருந்த பட்டீதார்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த துப்ளா மக்கள் இருந்தார்கள். ஹாலி என்று அவர்களுக்குப் பெயர். வரி 22-ஆனால் என்ன, 6-ஆனால் என்ன, அவர்களிடம் ஜப்தி செய்ய ஒன்றுமே இல்லை. வெற்றிக்குப் பின்னும் அவர்கள் ஹாலிகளாகவே இருந்தார்கள். நம் பக்கத்திலும் அதே நிலைமைதான். ஏலத்தன்று ஊருக்குள் பறை அடித்துச் சொன்னவர், ஏலம் போன காட்டில் அடுத்த நாள் கூலியை இழந்தவர். எட்டு லட்சம் பேரின் நிலம் போனது என்று எழுதியிருக்கிறது. அந்த நிலங்களில் பாடுபட்டு அன்றாடம் குடித்த கூழ் எத்தனை பேருக்கு நின்றது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி மோழையின் கதை.

பர்தோலியில் நடந்தது எங்கள் ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் ஊரில் அப்படித் தீர்மானம் போட யாரும் இருக்கவில்லை. மோழையைச் சாவடிக்கு முன்னால் இருந்த புளியமரத்தில் கட்டினார்கள். ஏலம் சில நாள் கழித்து. அதுவரைக்கும் தீனி போடுவது யார் என்று யாரும் சொல்லவில்லை. அமுச்சியின் அம்மா தினமும் ஒரு கட்டுச் சோளத் தட்டும் ஒரு பானைக் கழுநீரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். சாவடிக்குப் போனால் ஆண்கள் இருப்பார்கள் என்று, பொழுது விடிவதற்கு முன்பே போய்விடுவார்.

மோழையின் கன்று அதற்கு ஒரு மாதம் முன்பு செத்துப்போயிருந்தது. தோலை உரித்துப் பதப்படுத்தி, வைக்கோலைத் திணித்து, நாலு குச்சி கொடுத்து வைக்கோல் கன்று செய்து வைத்திருந்தார்கள். அதைக் காட்டினால்தான் மோழை பால் சுரக்கும். சிறிது நேரம் நக்கிக்கொண்டே இருக்கும், பிறகு மடி இளகும். ஜப்திப் பட்டியலில் எருமை உருப்படி ஒன்று என்று எழுதினார்கள். வைக்கோல் கன்றை யாரும் எழுதவில்லை. அது கொட்டகை மூலையில் அப்படியே நின்றது.

ஏல நாளில் கூட்டம் இருந்தது. சேவகன் கூறினான். கேட்க ஆளில்லை. மறுபடி கூறினான். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமுச்சியின் அப்பா கடைசியில், சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது அமுச்சியின் தாய்மாமன், அதாவது அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, "ஏழு ரூபாய்" என்றார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முடிந்துவிட்டது.

"வேற்றூரான் கையில் போய்ச் சேருவதைவிட நம் கட்டுத்தறியில் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன் மாமா" என்று அவர் அன்று மாலையே வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாராம். "நீ கேட்காமல் இருந்திருந்தால் மாடு இன்னும் சாவடியில்தான் நின்றிருக்கும்" என்று அமுச்சியின் அப்பா திண்ணையிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மச்சினன் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அமுச்சியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வந்தது. அதை வாங்கி வைத்தது வேறு ஆள்.

இரண்டு பேர் சொன்னதையும் நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான். கேட்க ஆளில்லாமல் போயிருந்தால் ஏலத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைத்திருப்பார்கள், அதற்குள் எங்கேயாவது கைமாற்று கிடைத்திருக்கலாம். கிடைக்காமல் போயிருந்தால் அடுத்த சந்தைக்கு வரும் வியாபாரி ஐந்து ரூபாய்க்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பான். பர்தோலியில் கேட்காமல் நின்றவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனும் கேட்கமாட்டான் என்று தெரியும். எங்கள் ஊர்ச் சாவடியில் யாருக்கும் அது தெரியாது. அந்தத் தாய்மாமன் பயந்துதான் கேட்டிருக்கிறார். அக்காள் வீட்டு மாட்டை நினைத்துப் பயந்து.

மோழை அவர் வீட்டில் பால் கறக்கவில்லை. இரண்டு நாள் உதைத்தது. மூன்றாவது நாள் மேய்ச்சலுக்குப் போன மந்தை பொழுதோடு திரும்பியபோது, மோழை மந்தையிலிருந்து பிரிந்து நேராகப் பழைய கொட்டகைக்கு வந்து, மூலையில் நின்ற வைக்கோல் கன்றை நக்கத் தொடங்கிவிட்டது. அமுச்சியின் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொம்பை எடுத்துவந்து உட்கார்ந்து கறந்தார். நுரை பொங்க ஒரு சொம்பு. வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பால் இல்லை, பிரசவித்தவளுக்கும் இல்லை. அவர் அதில் ஒரு துளியும் எடுக்கவில்லை. சொம்பை மூடி, மோழையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்த் தம்பி வீட்டு வாசலில் மாட்டையும் பாலையும் விட்டுவிட்டு வரும்படி மூத்த மகனை அனுப்பினார்.

அவன் திரும்பி வந்ததும் அமுச்சியைக் கூப்பிட்டார். அந்த வைக்கோல் கன்றைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்து, "மாமன் வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்றார். எட்டு வயதுப் பெண். கன்று கனமே இல்லை, வைக்கோல்தானே. ஆனால் காலுக்குப் பதிலாக வைத்திருந்த குச்சிகள் நடக்க நடக்கத் தொடையில் இடித்தன என்று அமுச்சி சொல்வார். தெருவில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த நேரம். தோலின் ஒரு பக்கம், மோழை நக்கிய ஈரம் இன்னும் காயாமல் இருந்ததாம்.